சென்னை மக்கள் பூங்கா: வேடிக்கை பார்க்க ஒதுக்கிய 116 ஏக்கர்

பூங்காவில் அமர்ந்து வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டிருப்பது நகர வாழ்வின் பழைய பொழுதுபோக்குகளுள் ஒன்று. தமிழில் இதனை ‘வேடிக்கை பார்த்தல்’ என்பர். இதற்குப் பணம் தேவையில்லை. அமர ஓர் இடமும், அங்குப் பலதரப்பட்ட மனிதர்கள் வந்து போவதுமே போதும். சென்னையில் அதற்கு வாய்ப்பாக அமைந்த மிகப்பெரிய இடம் மக்கள் பூங்கா. ‘பீப்பிள்ஸ் பார்க்’ என வழங்கிய அப்பூங்கா இன்று இல்லை. அதன் பெயர் மட்டும் பார்க் டவுன் என்ற பகுதியிலும், பூங்கா ரயில் நிலையத்திலும் எஞ்சியுள்ளது.

பழந்தமிழ் நகரில் வேடிக்கை

நகரத்துக் கூட்டம் வேடிக்கை பார்ப்பதை மணிமேகலைக் காப்பியம் விரிவாகக் காட்டுகிறது. பூப்பறிக்க உவவனம் என்னும் சோலைக்கு மணிமேகலை புறப்படுகிறாள். அவள் செல்லும் புகார் நகரத் தெருக்களில், குடித்தவன் ஒருவன் சமணத் துறவியிடம் வம்பு பேசுவதையும், பித்தன் ஒருவனின் கோலத்தையும், பேடிக்கூத்தையும் மக்கள் கூடி நின்று பார்க்கின்றனர். பின்னர் அதே கூட்டம் மணிமேகலையையே சூழ்ந்துகொள்கிறது. சோலைக்குள் சென்ற பிறகும் அரசிளங்குமரன் உதயகுமரன் பின்தொடர்ந்து வர, அவள் பளிங்கு மண்டபத்துக்குள் புகுந்து ஒளிய வேண்டியதாகிறது. பொது இடத்தில் பார்ப்பதும் பார்க்கப்படுவதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

பூங்காவின் தோற்றம்

1859இல் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் டிரெவெலியன், நகர மக்கள் காற்று வாங்கவும் உலாவவும் ஒரு பெரிய பூங்கா வேண்டும் என விரும்பினார். இந்திய அரசின் புதிய வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததால் 1860இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார். எனினும் பூங்கா உருவாயிற்று. இன்றைய சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து 116 ஏக்கரில் குளங்கள், நடைபாதைகள், இசைமேடை ஆகியவற்றுடன் அது அமைந்தது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையும் சில ஆண்டுகளில் இங்கு மாற்றப்பட்டது. விலங்குக் காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும், அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சென்னை மக்கள் அழைத்தனர். வெளியூரிலிருந்து வந்தோர் இவ்விரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்புவது அரிது. புலியைப் பார்க்க வந்தவர்கள், புலியைப் பார்க்க வந்த பிறரையும் பார்த்தனர்.

பூங்காவில் ஆண்டு முடிவில் பெரிய கண்காட்சியும் நடைபெற்றது. 1886 டிசம்பர் 31 அன்று அதில் ஏற்பட்ட தீவிபத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். நகர வரலாற்றின் பெருந்துயரங்களுள் இதுவும் ஒன்று.

துண்டு துண்டாக

மக்கள் பூங்காவை யாரும் ஒரே நாளில் அழித்துவிடவில்லை. 1880களில் அதன் ஒரு பகுதியில் விக்டோரியா பொது அரங்கம் எழுந்தது. 1900இல் மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூரின் பெயரால் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வந்தது. பின்னர் விளையாட்டரங்கமும் இடம்பிடித்தது. அரங்கம், சந்தை, மாநகராட்சி அலுவலகம், விளையாட்டுத் திடல் என ஒவ்வொன்றும் மக்களுக்குப் பயன்படுவதே. ஒவ்வொரு முறையும் எடுக்கப்பட்டது ‘சும்மா கிடந்த’ நிலம் என்றே தோன்றியிருக்கும்.

ஆயினும் இழப்பு உடனே தெரியவில்லை. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளும் பழம்பொருள் கடைகளும் பூங்காவைப் போலவே வேடிக்கை பார்க்கும் இடங்களாயின. எதையும் வாங்காமல் மணிக்கணக்கில் அங்குச் சுற்றலாம். 1985இல் அந்தச் சந்தை தீக்கிரையானது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. அதே ஆண்டில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. இடநெருக்கடியில் இருந்த விலங்குகளுக்கு அது நல்லதே. ஆனால் நகர நடுவில் எல்லோரும் கூடும் இடம் ஒன்று குறைந்தது.

தெற்கில் தொடர்ந்த கதை

1920களில் ஏரி நிலத்தில் உருவான தியாகராய நகரின் நடுவே ஒரு பூங்கா அமைக்கப்பட்டு, நீதிக்கட்சியின் முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. துணிக்கடைகளுக்கு வந்து களைத்தவர்கள் இளைப்பாறும் அப்பூங்காவின் ஒரு பகுதியும் அண்மையில் மெட்ரோ ரயில் பணிக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. இதற்கு மாறாக, உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்த நிலம் 2010இல் செம்மொழிப் பூங்காவாயிற்று. கட்டடங்களுக்கே என்று நினைக்கப்படும் நிலமும் பூங்காவாகலாம் என்பதற்கு அது சான்று.

2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கொட்டிவாக்கமும் அதனுள் வந்தது. மக்கள் பூங்கா போன்ற பெரும்பூங்கா இங்கு இல்லை. அந்த வேலையைக் கடற்கரை செய்கிறது. குப்பத்து மீனவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்போர், நடைப்பயிற்சிக்கு வருவோர், விளையாடும் பிள்ளைகள் என எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் மணல்வெளி அது. காலை நடைக்கும் மாலைக் காற்றுக்கும் வருவோருக்கு அது பொழுதுபோகும் இடம். மீனவர்களுக்கோ படகு நிறுத்தி வலை உலர்த்தும் தொழிலிடமும்கூட.

மக்கள் பூங்காவின் வரலாறு நகர நிர்வாகத்துக்கு ஒரு பாடம். அரங்கத்துக்கும் சந்தைக்கும் வருமானக் கணக்கு உண்டு. ஒரு முதியவர் மாலை முழுவதும் மரத்தடியில் அமர்ந்து கூட்டத்தைப் பார்த்தார் என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை. கணக்கில் வராத பயன் என்பதாலேயே அத்தகைய இடங்கள் முதலில் பறிபோகின்றன. வாங்குவதற்கு ஒன்றுமில்லாதவரும், கேள்விக்கு ஆளாகாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் உரிமையோடு அமரக்கூடிய இடம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதும் ஒரு நகரின் வளர்ச்சியை அளக்கும் அளவுகோலே.