வீட்டுச் சுயதொழில்: உங்கள் உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்குப் பாருங்கள்

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்து மக்கள் மீளக்குடியமர்ந்த நாட்களிலிருந்து, வன்னியில் வாழ்வாதார உதவி என்றால் கோழிக்குஞ்சு, ஆடு, தையல் இயந்திரம் என்றே பலருக்கும் நினைவு வரும். ஒரே கிராமத்தில் பல வீடுகளுக்கு ஒரே உதவி கிடைத்தது. தையல் இயந்திரம் வந்த அளவுக்குத் தைக்கக் கொடுப்பவர்கள் அங்கே இருக்கவில்லை. முட்டை விலை போகாத நேரத்திலும் கோழித்தீன் வாங்க வேண்டியிருந்தது.

இதை உழைக்கத் தெரியாதவர்களின் தோல்வி என்று சொல்ல முடியாது. பொருள் கொடுத்தவர்களில் பலர் சந்தையைப் பார்க்கவில்லை, கணக்குப் பார்க்கவும் பழக்கவில்லை. பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாய்மாருக்கும், காயங்களோடு நீண்ட நேரம் வெளிவேலை செய்ய முடியாதவர்களுக்கும் வீட்டிலிருந்து செய்யும் தொழில் இன்றும் தேவைப்படுகிறது. அதைத் தொடங்குவதற்கு முன்னும் தொடங்கிய பின்னும் கவனிக்க வேண்டிய விடயங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எதைத் தொடங்குவது?

"எனக்கு என்ன செய்யத் தெரியும்" என்று யோசிப்பதற்கு முன், "இதை யார், எங்கே, மாதத்துக்கு எத்தனை முறை வாங்குவார்கள்" என்று கேளுங்கள். உங்கள் கிராமத்தில் ஏற்கெனவே நான்கு பேர் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார்கள் என்றால் ஐந்தாவது ஆளாகச் சேர்வதால் ஐவருக்கும் வருமானம் குறையும்.

பருவத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மிளகாயும் ஒடியலும் காயாது. வெயில் காலத்தில் காயவைத்துச் சேமிக்க இடம் இருந்தால்தான் வருடம் முழுவதும் தொழில் ஓடும். நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஊருக்கு வருவார்கள். அவர்கள் திரும்பிப் போகும்போது கொண்டுசெல்வது கறித்தூள், பனங்கட்டி, ஒடியல் மா போன்றவற்றைத்தான். அந்தக் கேள்விக்கு இரண்டு மாதம் முன்பே தயாராக வேண்டும்.

பத்துப் பக்கற் செய்து, தெரிந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்காமல் விலைக்கு விற்றுப் பாருங்கள். இலவசமாக வாங்கியவர் நல்லது என்றுதான் சொல்வார். பணம் கொடுத்தவர் இரண்டாவது முறையும் கேட்டு வந்தால் அது சந்தை.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

கறித்தூளை உதாரணமாக எடுப்போம். கீழே உள்ள தொகைகள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு எல்லாம் சேர்த்து 10 கிலோ சரக்கு 14,000 ரூபா. மில்லில் அரைக்க 800, விறகு 500, பக்கற்றும் லேபலும் 700, போக்குவரத்து 500. மொத்தச் செலவு 16,500 ரூபா.

காயவைத்து, வறுத்து, அரைத்த பின் 10 கிலோ 10 கிலோவாக இருக்காது. 9 கிலோ கிடைத்ததாக வைப்போம். கிலோ 2,000 ரூபாவுக்கு விற்றால் வரவு 18,000. கையில் மிஞ்சுவது 1,500 ரூபா. பலர் இதைத்தான் இலாபம் என்கிறார்கள்.

இந்த வேலைக்கு இரண்டு நாள் போயிருக்கிறது. நாட்கூலி 1,500 ரூபா என்று வைத்தாலும் உங்கள் கூலி 3,000. அதையும் சேர்த்தால் செலவு 19,500 ரூபா. ஆக, இது 1,500 ரூபா நட்டத்தில் நடக்கும் தொழில். அந்த நட்டத்தை உங்கள் உடம்பு தாங்குவதால் அது கொப்பியில் தெரிவதில்லை.

உங்கள் கூலியாவது முழுதாக வரவேண்டுமென்றால் கிலோ 2,167 ரூபாவுக்கு விற்க வேண்டும். பாத்திரம் பழுதாவது, பழுதான பக்கற் திரும்பி வருவது போன்றவற்றுக்கு நூற்றுக்குப் பத்து ஒதுக்கினால் விலை ஏறத்தாழ 2,400 ரூபா. கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் கடைக்காரருக்கான கழிவையும் இதற்கு மேல் சேர்க்க வேண்டும். அந்த விலைக்கு உங்கள் சந்தையில் விற்காது என்றால், பெரிய கம்பனிகளின் தூளோடு விலையில் போட்டி போடாதீர்கள். வாடிக்கையாளர் கேட்ட உறைப்பில் வறுத்துக் கொடுக்கும் ஓடர் வேலைக்கு மாறலாம், அல்லது வேறு பொருளைத் தேடலாம்.

வாரக் கடன் என்ன செய்யும்?

வீடு தேடி வரும் நுண்கடன் இலகுவாகக் கிடைக்கும். 50,000 ரூபா, 52 வாரம், வருடத்துக்கு 24 வீத வட்டி என்று சொல்வதாக வைப்போம். முழுத்தொகைக்கும் வருடம் முழுவதும் வட்டி போட்டால் 12,000 ரூபா. திருப்பிக் கட்டுவது 62,000. வாரத்துக்கு ஏறத்தாழ 1,192 ரூபா.

நீங்கள் ஒவ்வொரு வாரமும் முதலைக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள். கடைசி மாதங்களில் உங்கள் கையில் இருப்பது மிகச் சிறிய தொகை. வட்டி மட்டும் ஆரம்பத் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் இந்தக் கடனின் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 44 வீதம்.

இதை மேலே உள்ள கறித்தூள் கணக்கோடு வைத்துப் பாருங்கள். வாரம் ஒரு தடவை 10 கிலோ சரக்கு அரைப்பவரின் கையில் 1,500 ரூபா மிஞ்சும். தவணை போக மீதி 308 ரூபா. அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தவணை தவறும். தவணையைக் கட்ட இன்னொரு கடன் வரும். குழுக் கடன் என்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பதில் சொல்ல வேண்டும். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு இந்தச் சுமை வளர்ந்திருந்தது.

கையொப்பமிடும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வட்டி முழுத்தொகைக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா? வட்டி தவிர வேறு என்ன கழிப்பீர்கள்? தவணை தவறினால் என்ன அறவிடுவீர்கள்? நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா? ஊரில் இயங்கும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும், வங்கியிலும் முதலில் விசாரியுங்கள். மாத வருமானம் வரும் தொழிலுக்கு வாரத் தவணைக் கடன் பொருந்தாது.

பதிவும் லேபலும்

வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றிய விபரங்களைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். வங்கிக் கணக்குக்கும், பெரிய கடைகளுக்குப் பொருள் கொடுப்பதற்கும் இந்தப் பதிவு உதவும். உணவுப் பொருள் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரைத் தொடங்கும் முன்னரே சந்தியுங்கள். அவர் சொல்லும் திருத்தங்களை ஆரம்பத்தில் செய்வது செலவு குறைவு.

பொருளின் பெயர், சேர்மானங்கள், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை, உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் லேபலில் இருக்க வேண்டும். பயிற்சிக்கு விதாதா வள நிலையத்தையும், பனை சார்ந்த உற்பத்திகளுக்கு 1978 இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையையும் அணுகலாம்.

கடனுக்கு விற்பது

ஊருக்குள் தொழில் செய்பவருக்குப் பெரிய சிக்கல் இதுதான். "பிறகு தாறன் அக்கா" என்று சொல்பவர் சொந்தக்காரராக இருப்பார். இல்லை என்று சொல்வது கடினம். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை வைத்து, பழைய பாக்கி வந்த பின் புதிய பொருள் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் மனக்கசப்பு குறையும். வட்ஸ்அப்பில் வரும் ஓடருக்குப் பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள்.

தொழில் காசையும் வீட்டுக் காசையும் இரண்டு பேர்ஸில் வையுங்கள். வீட்டுச் செலவுக்கு உங்கள் கூலியை மட்டும் எடுங்கள். அடுத்த சரக்கு வாங்கும் காசில் கை வைத்தால் இரண்டாவது மாதத்தில் கடன்காரர் வாசலில் நிற்பார்.

ஒரு கொப்பியில் மூன்று மாதம் வரவு, செலவு, வேலை செய்த மணித்தியாலம் மூன்றையும் எழுதுங்கள். மூன்று மாத முடிவில் உங்கள் கூலி வந்திருந்தால் தொழிலைப் பெருப்பிக்கலாம். பாதிதான் வந்திருந்தால் விலையையோ, வாங்கும் இடத்தையோ, செய்யும் முறையையோ மாற்றி இன்னும் ஒரு மாதம் பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் கடன் வாங்கித் தொடராமல் நிறுத்துங்கள். அடுத்த தடவை உதவி கொடுக்க ஒரு நிறுவனம் வந்து "என்ன வேண்டும்" என்று கேட்கும்போது, அந்தக் கொப்பியைக் காட்டி எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்களே சொல்லலாம்.