வர்ணம் ஊதும் தூரிகையும் கோயம்புத்தூர்க் காற்றும்

அமெரிக்காவில் பிறந்து, ஆங்கிலேயக் கடற்படையின் வர்ணத்தைப் பூண்டு, கொங்கு நாட்டு மண்ணில் பழுது நீங்கிப் பறந்த கார்சேர் என்னும் போர்விமானத்தின் மாதிரி ஒன்று, 72இல் ஒரு பங்கு அளவில், இன்னும் வர்ணம் காணாத வெறும் பிளாஸ்டிக்காக, என் மேசைமீது மாதக் கணக்காய் நிற்கிறது. இறக்கை முனைக்கு முனை அளந்தால் 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அசல் அமெரிக்க விமானத்தின் மாதிரியானால் அரைச் சென்டிமீட்டர் கூடுதலாக இருந்திருக்கும்; ஆங்கிலேயர்களுடைய விமானந்தாங்கிக் கப்பல்களின் உட்கூடம் உயரங் குறைந்ததாகையால், மடக்கிய இறக்கை மேல்தளத்தில் இடிக்காமலிருக்கும்பொருட்டு ஒவ்வொரு முனையிலும் 8 அங்குலத்தை வெட்டிவிட்டார்கள். அந்த 8 அங்குலம் என் மேசைமீது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கி, ஓர் அரத்தின் சில தேய்ப்புகளில் தீர்ந்துவிட்டது. தீராத விஷயம் வர்ணந்தான்.

இவ்விமானத்துக்கும் நம் ஊருக்கும் உள்ள சம்பந்தத்தை இன்றைய இளைஞர் பலர் அறியார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது தொடங்கி, 1942 முதல் 1946 வரையில், ஆங்கிலேயக் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்புக் கூடம் ஒன்று கோயம்புத்தூரில் நடந்து வந்தது. தன் விமான நிலையங்களுக்குப் பறவைகளின் பெயரைச் சூட்டுவது அக்கடற்படையின் வழக்கமாகையால், இந்தக் கூடத்துக்குக் 'கருடா' என்றும், அருகே சூலூரில் அமைந்த நிலையத்துக்கு 'வைரி' என்றும் பெயரிட்டார்கள். கொச்சியில் 'கழுகு', தாம்பரத்தில் 'வல்லூறு'. இலண்டனிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு இப்பெயர்களை எடுத்துக் கொடுத்த தமிழறிந்தவர் யாராயினும், அவருக்குப் பட்சி சாஸ்திரத்திலும் ஓரளவு பயிற்சி இருந்திருக்க வேண்டும். சிற்றுருவான வேட்டைப் பறவைக்கு 'வைரி' என்னும் சொல் இருப்பதை அன்றைக்கே ஊரில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? இப்போது சூலூரில் இந்திய விமானப் படையின் தேஜஸ் விமானங்கள் நிற்கின்றன.

இத்தகைய மாதிரி விமானங்களுக்கும் பேருந்துகளுக்கும் வர்ணம் பூசுவதற்கு, காற்றால் வர்ணம் ஊதும் 'ஏர்பிரஷ்' என்னும் கருவிகளுள் எதை வாங்கலாம் என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விடை அவர்களுக்கு ருசிப்பதில்லை. ஊசியின் கனம் 0.2 மில்லிமீட்டரா, 0.3 மில்லிமீட்டரா என்றும், ஜப்பான் சரக்கா, ஜெர்மன் சரக்கா, சீனச் சரக்கா என்றும் இரவெல்லாம் விசாரம் செய்கிறவர்கள், அந்தக் கருவிக்குள் புகப்போகும் காற்று எங்கிருந்து வருகிறது, எவ்விதம் வருகிறது என்பதைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிப்பதில்லை. மேட்டுப்பாளையம் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் கார்களுக்கு வர்ணமடிக்கும் முதியவரிடம் என் புதிய கருவியைப் பெருமையோடு நீட்டியபோது, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, கன்னு எதா இருந்தா என்னங்க? காத்துல தண்ணி வராம மொதல்ல பாருங்க." இக்கருவியின் விருத்தாந்தத்தைப் படித்த பின்பு, அம்முதியவர் கட்சியே என் கட்சியும் ஆயிற்று.

காற்றைக் கொண்டு வர்ணத்தைத் தூவும் யந்திரத்துக்கு முதன்முதலில் உரிமைப் பத்திரம் பெற்றவர் பிரான்ஸிஸ் ஸ்டான்லி என்னும் அமெரிக்கர், ஆண்டு 1876. பிற்காலத்தில் தம் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து நீராவிக் கார் செய்து பிரசித்தி பெற்றவர் இவரே. ஆயினும் இன்று நாம் கையில் பிடிக்கும் கருவிக்கு மூதாதை என்று சொல்லத்தக்கது, 1879இல் அயோவா மாகாணத்தில் ஆப்னர் பீலர் என்பவர், தையல் யந்திரத்தின் ஊசி, வளைத்த கரண்டி முதலிய வீட்டுச் சாமான்களைக் கொண்டு ஒட்டிச் சமைத்த ஒரு விசித்திரப் பண்டம். அதை அவர் 'வர்ணம் பகிரும் கருவி' என்று அழைத்தார். லிபர்ட்டி வாக்கப் என்பவர் அதன் உரிமையை 700 டாலருக்கு வாங்கி, சீர்திருத்தி, 'ஏர்பிரஷ்' என்ற பெயரையும் கொடுத்து, இல்லினாய் மாகாணத்து ராக்ஃபோர்டில் 1883இல் தொழிற்சாலை தொடங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1893இல், சார்லஸ் பர்டிக் என்பவர் ஊசியையும் வர்ணத்தையும் காற்றையும் ஒரே மூக்கினுள் சந்திக்கச் செய்த அமைப்பே, சில்லறை மாறுதல்களோடு, இன்றளவும் நீடிக்கிறது. பர்டிக் பின்பு இங்கிலாந்து சென்று நிறுவிய கம்பெனியின் பெயராகிய 'ஏரோகிராஃப்' என்பது, நம்மூரில் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்பதுபோல, அந்நாட்டில் அக்கருவிக்கே பொதுப்பெயராகிவிட்டது.

இவர்கள் எல்லாருக்கும் காற்றைத் தந்தது எது? காலால் மிதிக்கும் துருத்தியும், கையால் அடிக்கும் பம்புந்தான். துருத்தியில் மிதி தளர்ந்தால் வர்ணம் திட்டுத் திட்டாக விழும். மிதி மிகுந்தால் வழியும். ஆகவே, கண்ணையும் கையையும் படத்தில் வைத்துவிட்டுக் காலைத் தாளத்தில் நிறுத்தத் தெரிந்தவனே அக்காலத்தில் வித்துவான் என்று பெயர் எடுத்திருப்பான். புகைப்படத்தைப் பெரிதாக்கி, அதன்மீது மெருகேற்றுவதற்கே இக்கருவி முதலில் பிரயோகமாயிற்று. அவ்வழக்கம் நம் நாட்டுக்கும் வந்து, காலமான தாத்தாவின் மங்கலான சிறு படத்தைப் பெரிய சட்டத்துக்குள் கொண்டுவந்து, பின்புலத்தில் மேகம்போல் ஒரு மூட்டத்தை ஊதி, கன்னத்தில் இளஞ்சிவப்பையும் ஏற்றிக் கொடுக்கும் 'ஃபினிஷிங்' வேலை ஸ்டுடியோக்களில் நடந்தது. பம்பாயில் ரகுவீர் முல்காங்கர் பத்திரிகை அட்டைகளில் இதனை ஓர் உயர்ந்த கலையாகவே ஆக்கிக் காட்டினார்.

கைக்கடக்கமான தூரிகை ஒருபுறமிருக்க, பட்டறைகளில் தொங்கும் 'ஸ்ப்ரே கன்' வேறொரு வம்சத்தது. ஒஹாயோ மாகாணத்து டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற வைத்தியர் நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிப்பதற்கென்று 1888இல் செய்த குமிழே, அவர் மகன் தாமஸின் கையில் 1907இல் வர்ணத் துப்பாக்கியாக உருமாறியது. 1923 வாக்கில் டூகோ என்னும், விரைந்து உலரும் வர்ணம் புறப்பட்டதும், தூரிகையால் பூசி உலர்த்த வாரக் கணக்கில் பிடித்த கார் வேலை, நாட்கணக்காகச் சுருங்கிற்று. நம் பட்டறைக்காரர்களின் வாயில் 'டூகோ பெயிண்ட்' என்ற சொல் இன்றும் வாழ்கிறது. அது ஒரு கம்பெனி வைத்த பெயர் என்று சொன்னால் நம்ப மறுப்பார்கள்.

இனி நம் ஊர்க் காற்றுக்கு வருவோம். காற்றை வேலை வாங்குவது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. ஈரோட்டுக்கு மேற்கே கொடுமணலில், இரும்பு உருக்கிய பண்டைக்கால உலைகளை அகழாய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். உலையென்றால் துருத்தியும் உண்டு. ஆனால் துருத்தியிலிருந்து, காற்றை அழுத்தித் தரும் யந்திரமாகிய கம்ப்ரசருக்குத் தாவுவதற்கு மின்சாரம் வர வேண்டியிருந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் துரையின் பஞ்சாலை தொடங்கிய காலத்திலேயே யந்திரங்களின் ஓசை இவ்வூருக்குப் பழகிப்போயிருந்தாலும், 1932இல் நீலகிரியின் பைகாரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் சிறு முதலீட்டுக்காரனும் மோட்டார் வைத்துப் பிழைக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920இல் ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கி, யூ.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து ஸ்தாபனத்தை உண்டாக்கிய ஜி. டி. நாயுடு அவர்களும், டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் சேர்ந்து 1937இல் செய்த மின்மோட்டாரை, இந்நாட்டிலேயே உருவான முதல் மோட்டார் என்று சொல்வார்கள். மோட்டார் வந்ததும் கிணற்றுப் பம்பு. பம்பு செய்த வார்ப்படக் கைகளுக்கு, நீருக்குப் பதிலாகக் காற்றை அழுத்தும் பிஸ்டனும் சிலிண்டரும் எட்டாத வித்தையா? 1960இல் எல்ஜி எக்விப்மென்ட்ஸ் கம்பெனி இங்கே தோன்றி, காற்றமுக்கும் யந்திரங்களையும், வாகனப் பட்டறைகளுக்கான சாதனங்களையும் செய்யத் தலைப்பட்டது. கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டுகிறவர்களும், நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கு உடல் அமைக்கிறவர்களும் லப்பம் பூசித் தேய்த்து, வர்ணம் ஊதி, பளபளப்பேற்றித் தெருவில் விடும் வேலைக்கெல்லாம் உயிர்மூச்சு இந்தக் கம்ப்ரசர்களே. ஏர்பிரஷை அயல்நாட்டிலிருந்து தருவித்துக்கொண்டாலும், அதற்கு மூச்சுக் கொடுப்பதில் பாண்டித்தியம் பெற்ற ஊர் இது என்று நான் வாதிப்பேன்.

அப்படியிருந்தும் இப்பாடத்தை நான் கற்றது அவமானத்தின் வழியாகத்தான். ஓர் ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாயின் வழியே மழைச்சாரலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு காற்று கதவுகளை அறைந்துகொண்டிருந்த பிற்பகலில், வேறொரு மாதிரி விமானத்தின் அடிவயிற்றுக்கு வெளிர்நிறம் ஊதிக்கொண்டிருந்தேன். கால்மணி நேரம் பட்டுப்போல் விழுந்த வர்ணத்தின் நடுவே, திடீரென்று ஒரு 'தூ' என்ற சத்தத்தோடு கடுகளவு நீர்த்துளிகள் நாலைந்து பாய்ந்து, இறக்கையில் அம்மைத் தழும்புபோல் குழிகளை உண்டாக்கின. ஈரக்காற்றை அழுத்தினால் சூடேறும். குழாய்க்குள் அது ஆறும்போது தான் சுமந்த நீரைக் கக்கிவிடும். அந்த நீரைத் தடுத்து நிறுத்தும் சிறு கண்ணாடிக் கிண்ணம், 'மாய்ஸ்ச்சர் டிராப்' என்று கடையில் விற்பது, என் வீட்டு அலமாரியில் பிரிக்கப்படாத பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. குற்றம் முழுவதும் என்னுடையது. விரைந்து உலரும் லாக்கர் வர்ணமானால் ஈர நாட்களில் வேறொரு விபரீதமும் உண்டு: கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, வர்ணம் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். ஆடியில் ஊதாதீர்கள் என்பேன். அம்மாதத்தில் புதுக் காரியம் தொடங்கலாகாது என்னும் பெரியோர் வாக்குக்கு எனக்குத் தெரிந்த விஞ்ஞான ஆதாரம் இது ஒன்றே.

ஆகவே முதலில் காற்றுக்குச் செலவழியுங்கள். மூன்று லிட்டராவது கொள்ளும் தொட்டியோடு கூடிய சிறு பிஸ்டன் கம்ப்ரசர், அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் திருகு, நீர் பிடிக்கும் கிண்ணம் இம்மூன்றும் இருந்தால், துருத்தி மிதித்தவனுடைய தாளம் தவறும் துன்பம் உங்களுக்கு இல்லை. பட்டறைக் கம்ப்ரசர் 100 பவுண்டு அழுத்தத்துக்குமேல் மூச்சு விடும். மாதிரிக்கு வேண்டியது 15 முதல் 25 பவுண்டு. பிறகு தூரிகை. மேலே கிண்ணம் அமைந்து, வர்ணம் தன் எடையாலேயே இறங்குவதாயும், விசையை அழுத்தினால் காற்றும் பின்னிழுத்தால் வர்ணமும் வருவதாயும், 0.3 மில்லிமீட்டர் மூக்குடையதாயும் ஒன்று போதும். ஊசியின் நுனி ஒருமுறை தரையில் பட்டு வளைந்தால், எந்தத் தேசத்துச் சரக்கும் எச்சில்தான் துப்பும். மாற்று ஊசி உங்கள் ஊரில் கிடைக்குமா என்று விசாரித்த பின்பே பணத்தை எடுங்கள். வர்ணம் பாலின் பதத்தில் இருக்கவேண்டும் என்பார்கள்; கறந்த பாலன்று, நம் தேநீர்க் கடைக்காரர் கலந்து வைத்திருக்கும் பால்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் என் கார்சேர் வர்ணமின்றி நிற்பதற்குக் காரணம் ஒன்றுண்டு. மேற்புறத்தில் கருஞ்சாம்பலும் பசுமை கலந்த சாம்பலும், அடியில் வெளிர்பச்சைச் சாயல். ஜப்பானியர் சின்னமென்று மயங்கிச் சொந்தப் படையினரே சுட்டுவிடாதபடி, வட்டச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பை நீக்கினார்கள் என்பது வரையில் ஐயமில்லை. மேற்புறத்து இரு சாம்பல்களும் கூடும் எல்லை, மறைதாள் ஒட்டி அடித்ததுபோல் கூர்மையாக வேண்டுமா, புகைபோல் ஒன்றிலொன்று கரைய வேண்டுமா என்பதைப் பொறுத்தே நான் தூரிகையை எவ்வளவு நெருக்கிப் பிடிப்பது என்று முடிவாகும். பீளமேட்டிலோ சிங்காநல்லூரிலோ சூலூரிலோ உங்கள் பாட்டனார் எவரேனும் அந்தக் கடற்படைக் கூடத்தில் வேலை பார்த்தவராயிருந்து, பரணில் ஒரு பழைய படம் கிடக்குமானால், கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போகுமுன் அதை இறக்கித் துடைத்து, விமானத்தின் முதுகில் அந்த எல்லைக்கோடு எப்படியிருக்கிறதென்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.