பழைய பிளக்ஸ் இயந்திரத்தின் கதை

முன்னுரை

ஒரு சிறிய ஊரின் கடைத்தெருவில் நடந்து சென்றால் கண்ணில் படும் பலகைகளில் பெரும்பாலானவை இன்று அச்சிடப்பட்டவை தான். மளிகைக் கடையின் பெயர், திருமண வரவேற்பு, காதணி விழா, கோயில் கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி என எல்லாவற்றுக்கும் பிளக்ஸ் வந்துவிட்டது. இவற்றை அச்சிடும் சிறு கடைகள் எல்லாம் புது இயந்திரம் வாங்கித் தொடங்கியவை அல்ல. பெரிய நகரத்தில் வேறொருவர் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்ற இயந்திரத்தை வாங்கித் தொழிலில் இறங்கியவர்களும் உண்டு. அந்தப் பழைய இயந்திரம் ஏன் விலைக்கு வந்தது? வாங்கியவரிடம் அது என்ன எதிர்பார்த்தது? இதற்கு விடை காண ஏறத்தாழ நாற்பது ஆண்டு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

தூரிகைக் காலம்

தமிழ்நாட்டில் 1990-கள் வரை விளம்பரப் பலகை என்றால் அது பெயிண்டரின் வேலை. கடைப் பலகை தகரத்தில் எனாமல் பெயிண்டால் எழுதப்பட்டது. சினிமா பேனர் துணியில் வரையப்பட்டது. சிறிய புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக உருவத்தைப் பெரிதாக்குவார்கள். சென்னை அண்ணா சாலையில் நிமிர்ந்து நின்ற பேனர்களும் கட்-அவுட்டுகளும் பெயிண்டர்களின் கையால் உருவானவையே.

இத்தொழிலுக்கு முதலீடு மிகக் குறைவு. தூரிகை, பெயிண்ட், ஏணி, சாரம் கட்டக் கொஞ்சம் சவுக்குக் கம்பு. மற்றதெல்லாம் கைத்திறமை. வேலை இல்லாத நாட்களில் தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்து வைத்தால் போதும். அன்றைக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. பின்னால் வந்த இயந்திரங்கள் இந்த ஒரு வசதியைத்தான் முதலில் பறித்தன.

முதலில் வந்தது வெட்டும் இயந்திரம்

பலகைத் தொழிலுக்குள் கணினி நுழைந்தது அச்சிடுவதற்காக அல்ல, வெட்டுவதற்காக. அமெரிக்காவின் கெர்பர் நிறுவனம் 1983-இல் சைன்மேக்கர் 3 என்ற இயந்திரத்தை வெளியிட்டது. எழுத்துகளைத் தட்டச்சு செய்தால், பின்புறம் பசை உள்ள வினைல் தாளில் சிறு கத்தி ஒன்று அவற்றை அப்படியே வெட்டிக் கொடுக்கும். நம் ஊரில் 'ஸ்டிக்கர் கட்டிங்' என்று சொல்லப்படும் வேலை இதன் வழி வந்ததே. வண்டி நம்பர் பிளேட், கடைக் கண்ணாடி எழுத்து ஆகியவை இதனால் பெயிண்டரின் கையை விட்டுப் போயின. ஆனால் வினைல் தாள் ஒரே நிறம் கொண்டது. முகத்தையும் காட்சியையும் அதில் கொண்டுவர முடியாது. எனவே படம் வரையும் வேலை மேலும் சில ஆண்டுகள் பெயிண்டரிடமே இருந்தது.

மை தெளிக்கும் இயந்திரங்கள்

கணினியில் உள்ள படத்தை மைத்துளிகளால் பெரிய அளவில் அச்சிடும் கருவிகள் தொடக்கத்தில் மிக விலை உயர்ந்தவை. பாடகர் கிரஹாம் நாஷ் தம் புகைப்படங்களை அச்சிட வாங்கிய ஐரிஸ் 3047 இயந்திரத்தின் விலை 1,26,000 டாலர். அவ்வளவு விலை கொடுத்தாலும் ஐரிஸ் அச்சு தண்ணீர் பட்டால் கலைந்துவிடும். வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய பலகைக்கு அது உதவாது. 1990-களின் தொடக்கத்தில் எச்.பி. நிறுவனத்தின் டிசைன்ஜெட், என்கேட் நிறுவனத்தின் நோவாஜெட் போன்றவை வந்து விலையைக் குறைத்தன. இவையும் நீர் கலந்த மையையே பயன்படுத்தின.

வெளிப்புறப் பலகைக்கு ஏற்ற வழியைத் தந்தது சால்வென்ட் மை. பிளக்ஸ் என்பது பாலியஸ்டர் வலையின் இருபுறமும் பி.வி.சி. பூசப்பட்ட விரிப்பு. சால்வென்ட் மை அந்த பி.வி.சி. பரப்பைச் சற்றே இளக்கி உள்ளே பிடித்துக்கொள்ளும். பின்னர் சால்வென்ட் ஆவியாகி நிறம் மட்டும் தங்கும். மழை பெய்தாலும் அழியாது. இந்த மையைத் தெளிக்க பியசோ வகை பிரிண்ட் ஹெட் ஏற்றதாக இருந்தது. மின்சாரம் பாயும்போது இதிலுள்ள படிகம் சற்றே வளைந்து, நாசில் எனப்படும் நுண்ணிய துளை வழியே ஒரு துளி மையை வெளியே தள்ளும். நொடிக்குப் பல ஆயிரம் முறை இது நடக்கும்.

தமிழ்நாட்டில் பிளக்ஸ்

2000-க்குப் பின் சீனாவில் தயாரான சால்வென்ட் இயந்திரங்கள் இந்தியாவுக்கு வரத் தொடங்கின. உடல் சீனாவில் செய்யப்பட்டாலும் ஹெட் வெளிநாட்டில் இருந்து வந்தது. தொடக்க கால இயந்திரங்கள் பலவற்றில் இங்கிலாந்தின் சார் நிறுவனம் செய்த சார் 128 என்ற ஹெட் இருந்தது. 3.2 மீட்டர், அதாவது பத்தடிக்குச் சற்று மேல் அகலம் கொண்ட பேனரை இவை ஒரே துண்டாக அச்சிட்டன. பல நாட்கள் வரைய வேண்டிய பேனர் சில மணி நேரத்தில் கிடைத்தது. முகமும் புகைப்படம் போலவே இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கையால் வரையும் பேனர் அரிதாகிவிட்டது.

ஆரம்பத்தில் இயந்திரம் பெரிய ஊர்களில் மட்டுமே இருந்தது. சிறு ஊர்க் கடைக்காரர் போட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் வடிவமைத்து, சி.டி.யில் பதிந்து, மதுரைக்கோ கோவைக்கோ பஸ்ஸில் கொண்டு போய் அச்சிட்டு வருவார். லாபத்தின் பெரும்பகுதி இயந்திரம் வைத்திருப்பவருக்கே போனது. நம்மிடமும் ஒரு இயந்திரம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு வந்தது இயல்பே. அந்த எண்ணத்துக்கு விடையாக வந்தது பழைய இயந்திரம்.

துளைகளின் கணக்கு

பெரிய ஊர் முதலாளி தம் இயந்திரத்தை விற்றதற்கு அது பழுதானது மட்டும் காரணம் அல்ல. ஹெட்டில் உள்ள துளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் முக்கியக் காரணம் புரியும். சார் 128-இல் 128 துளைகள். பின்னர் வந்த கோனிகா மினோல்டா 512-இல் 512 துளைகள். எப்சன் நிறுவனத்தின் டி.எக்ஸ் 5-இல் 1440 துளைகள். அதன்பின் வந்த ஐ3200-இல் 3200 துளைகள். துளைகள் கூடினால் வேகமோ நுணுக்கமோ கூடும். பக்கத்துக் கடைக்காரர் வேகமான இயந்திரம் வாங்கி சதுர அடி விலையைக் குறைத்தவுடன், பழைய இயந்திரம் நன்றாக ஓடினாலும் கட்டுப்படியாகாது. அப்போது அது விலைக்கு வரும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்களே சிரமப்பட்டனர். ஒரு கணக்குக்காக, பழைய இயந்திரத்தின் விலை 4 லட்சம் ரூபாய் என்றும், எல்லாச் செலவும் போக சதுர அடிக்கு 2 ரூபாய் மிஞ்சும் என்றும் வைத்துக்கொள்வோம். முதலை எடுக்க 2 லட்சம் சதுர அடி அச்சிட வேண்டும். 10-க்கு 20 அடி பேனர் என்றால் 1000 பேனர்கள். நாளுக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடினாலும் மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆகும். இடையில் ஒரு ஹெட் போனால் கணக்கு மேலும் நீளும். விலைப் போட்டியில் அந்த 2 ரூபாய் 1 ரூபாயானால் காலம் இரட்டிப்பாகும்.

அனுபவசாலிகள் பார்த்தவை

விவரம் தெரிந்தவர்கள் இயந்திரத்தின் உடலைப் பார்த்து விலை பேசுவதில்லை. முதலில் நாசில் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். அதில் விடுபட்ட கோடுகள் எத்தனையோ அத்தனை துளைகள் அடைத்திருக்கின்றன. அடுத்து ஒரே நிறத்தில் ஒரு பெரிய பட்டை அச்சிட்டு, குறுக்கே வரி விழுகிறதா எனப் பார்ப்பார்கள். ஹெட் ஓடும் தண்டவாளத்தின் தேய்மானம் அதில் தெரிந்துவிடும். படத்தை மைத்துளிகளாகப் பிரிக்கும் ரிப் மென்பொருள் பெரும்பாலும் டாங்கிள் என்ற சிறு பூட்டுக் கருவியோடு வரும். அது கைக்கு வராமல் பணம் கொடுத்தால் மென்பொருள் திறக்காது.

இயந்திரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றும் விதமும் முக்கியம். ஹெட்டில் இருந்து மையை முழுவதும் வடித்து, கழுவும் திரவம் செலுத்தி மூடி வைக்காவிட்டால், வந்து சேர்வதற்குள் மை காய்ந்து துளை அடைத்துவிடும். விற்பவர் கடையில் எடுத்த டெஸ்ட் பிரிண்டுக்குப் பிறகு அர்த்தமே இல்லை.

உதிரி பாகம் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. இத்துறையில் நிறுவனங்கள் அடிக்கடி கை மாறின. என்கேட் நிறுவனத்தை 2002-இல் கோடக் வாங்கியது. சைடெக்ஸ் விஷனை 2005-இல் எச்.பி. வாங்கியது. அதே ஆண்டு வியூடெக்கை இ.எப்.ஐ. வாங்கியது. உரிமையாளர் மாறினால் பழைய மாடல்களுக்கான ஆதரவு நாளடைவில் குறையும். இயந்திரம் உயிரோடு இருந்தும் பாகம் கிடைக்காத நிலை வரும்.

மின்வெட்டும் தடையும்

தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய மின்வெட்டு 2012-இல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. அச்சின் நடுவே மின்சாரம் போனால் ஹெட் தன் மூடியில் போய் உட்காராமல் திறந்தே நிற்கும். மை காயும். பேனரும் வீண். இயந்திரத்தின் விலையோடு யு.பி.எஸ்., ஜெனரேட்டர், டீசல் செலவும் சேர்ந்தது.

அடுத்த அடி நீதிமன்றத்தில் இருந்து வந்தது. டிராபிக் ராமசாமி தொடர்ந்த வழக்கில், 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் பேனர் வைக்க இடைக்காலத் தடை விதித்தது. தடை இருந்தும் பேனர்கள் நிற்கவில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே அனுமதியின்றிக் கட்டப்பட்ட திருமண பேனர் ஒன்று இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயதுப் பெண் மீது விழுந்தது. நிலைதடுமாறிய அவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. ஒரு குடும்பம் தன் மகளை இழந்தது. அந்த பேனரை அச்சிட்ட கடைக்கும் சீல் வைக்கப்பட்டது. கட்டியவருக்கு மட்டுமன்றி அச்சிட்டவருக்கும் பொறுப்பு உண்டு என்பது அன்று எல்லாக் கடைகளுக்கும் உறைத்தது.

முடிவுரை

இவ்வளவு பேனர்கள் ஏன் தெருவை அடைத்தன என்று கேட்டால் அரசியலும் ஆடம்பரமும் காரணம் என்பார்கள். அது உண்மையே. ஆனால் இயந்திரத்தின் இயல்பும் ஒரு காரணம் எனலாம். சால்வென்ட் ஹெட்டைப் பல நாள் சும்மா வைக்க முடியாது. மை காயும். கடனில் வாங்கியிருந்தால் தவணையும் காத்திருக்காது. ஆகவே விலையைக் குறைத்தாவது வேலை பிடிக்க வேண்டியதாயிற்று. விலை குறைந்ததால் பிறந்த நாளுக்கும் பேனர், பூப்புனித நீராட்டு விழாவுக்கும் பேனர் என்று வழக்கமானது.

பெயிண்டர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்க முடிந்தது. அவர் இடத்துக்கு வந்த சிறு கடைக்காரருக்கு அது முடியவில்லை. பழைய இயந்திரம் வாங்க நினைப்பவர் ஹெட்டையும் டாங்கிளையும் பார்ப்பதற்கு முன், அதை நாள்தோறும் ஓட்டும் அளவுக்கு முறையான வேலை தம் ஊரில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் முன்போலப் பெரிய ஊரில் அச்சிட்டு வாங்கி வருவதே அவருக்கு லாபம்.