டைப் அடிக்கப் போன காலம்

எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வந்த பிறகு, மேலே படிப்பதா வேலை தேடுவதா என்று தெரியாமல் ஒரு பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருந்தால், ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. "சும்மா இருக்கிற நேரத்துக்கு டைப் கிளாஸுக்காவது போ." அந்த 'ஆவது' என்ற சொல்லை நான் முக்கியமாக நினைக்கிறேன். இதுதான் உன் வாழ்க்கை என்று அது யாரையும் கட்டிப்போடவில்லை. முடிவு எடுக்கும் வரைக்கும் கையில் ஒன்று இருக்கட்டும் என்றது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைக் குமாஸ்தாக்களை வார்த்தெடுத்த பட்டறையாக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். என் கருத்து வேறு. என்ன ஆவது என்று தெரியாத இளைஞருக்கு மலிவாகவும் மரியாதையாகவும் கொஞ்சம் காலம் வாங்கிக் கொடுத்த இடம் அது. யாரும் திட்டமிட்டு அப்படி அமைக்கவில்லை; தானாக அமைந்தது. இன்றைய பிள்ளைகளைத் 'திசை தெரியாதவர்கள்' என்று குறைசொல்லும்போது, அந்தக் காலம் அவர்கள் கையிலிருந்து எப்படிப் போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். என்ன ஆவது என்று தெரியாமல் நிற்பதே நம் மண்ணில் புதிய நிலைமை. தச்சர் மகனிடமும் குயவர் மகனிடமும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பிறப்பே பதில் சொல்லிவிட்டிருந்தது. அந்தப் பழைய பதிலுக்கு அரசே பள்ளிக்கூடத்துக்குள் இடம் கொடுக்கப் பார்த்த ஆண்டு 1953. முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப் பிள்ளைகளுக்கு வகுப்பு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான். ஒரு பகுதியினர் காலையில் வருவார்கள், மறுபகுதியினர் மதியம் வருவார்கள். மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இரு மடங்குப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம், கைத்தொழிலுக்கும் மதிப்பு வரும் என்பது அவர் தரப்பு. பள்ளிப் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அந்த மிச்ச நேரத்தில் வக்கீல் மகன் எதைக் கற்பான், மலம் அள்ளுபவரின் மகன் எதைக் கற்பான் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத் திட்டத்தின் உள்ளடக்கம் விளங்கிவிட்டது. பெரியாரின் இயக்கம் அதைக் குலக்கல்வி என்று அழைத்தது. அந்தப் பெயரே நிலைத்தது. சட்டசபையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்தின்மீது வாக்குகள் சரிசமமாகப் பிரிந்தன. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகிக் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் பள்ளிக்கூடங்கள் பெருகின, மதிய உணவு வந்தது, வீட்டில் முதல் ஆளாக எஸ்எஸ்எல்சி எழுதும் பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். அப்பன் தொழில் தங்கள் தொழில் இல்லை என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியும். பதிலுக்கு எது என்பதுதான் தெரியாது. அந்தத் தெரியாமை ஒரு போராட்டத்தில் வென்றெடுத்தது. அதை ஒரு குணக்குறைபாடாகப் பார்ப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

அந்தப் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தெரிந்தது ஆபீஸ் உத்தியோகம். தேர்வு வைத்து ஆள் எடுப்பது சென்னை மாகாணத்துக்குப் புதிதல்ல. இந்திய மாகாணங்களில் முதலாவதாக இங்கேதான் 1929இல் தேர்வாணையம் உருவானது. தாலுகா கச்சேரி, கோர்ட், பேங்க், மில், ஷிப்பிங் கம்பெனி என்று எல்லா இடத்துக்கும் டைப்பிஸ்ட் தேவைப்பட்டார். ஆங்கிலத்தோடு தமிழும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா முப்பதுகளிலேயே தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியிருந்தார். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு அரசு அலுவலகங்களில் அதற்கு வேலை கூடியது. 1955இல் கோத்ரெஜ் உள்நாட்டிலேயே மெஷின் செய்யத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையும் பத்துப் பன்னிரண்டு பழைய மெஷின்களும் இருந்தால் போதும், இன்ஸ்டிட்யூட் தயார்.

உள்ளே நடந்ததைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். காலை 6 மணிக்கே முதல் பேட்ச். ஆளுக்கு ஒரு மணி நேரம். இடது சுண்டுவிரல் 'ஏ'வின்மேல், வலது சுண்டுவிரல் செமிகோலன்மேல். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று நாள்கணக்கில் அதையே அடிக்க வேண்டும். சுண்டுவிரலில் வலு இல்லாததால், புதிதாக வந்தவரின் தாளில் 'ஏ' மட்டும் மங்கலாக விழும். தாளைத் தூக்கிப் பார்த்தாலே ஆள் எத்தனை நாள் பழகியவர் என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். வரி முடியப் போகும்போது மணி அடிக்கும். இடது கையால் லீவரைத் தள்ளினால் கேரேஜ் சரக்கென்று திரும்பும். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பாமல் அடுத்த தாள் கிடையாது. தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் பரீட்சையில் முதல் தாள் வேகத்துக்கு: லோயர் என்றால் 10 நிமிடத்தில் 1500 தட்டு, ஹையர் என்றால் 2250. இரண்டாவது தாளில் கடிதமும் கட்டம் கட்டிய ஸ்டேட்மென்ட்டும். பரீட்சைக்கு முதல் நாள் இன்ஸ்டிட்யூட்டின் மெஷின்களை வண்டியில் ஏற்றிப் பாலிடெக்னிக்குக்குக் கொண்டுபோவார்கள். பழகிய மெஷினில் எந்தக் கீ சிக்கும், எந்த எழுத்து ஏறி விழும் என்று அந்த விரல்களுக்குத்தானே தெரியும்.

இந்த ஏற்பாட்டில் நான் கவனிப்பது அதன் அளவை. லோயருக்குச் சில மாதம், நாளைக்கு ஒரு மணி நேரம், கையைக் கடிக்காத கட்டணம். மீதிப் பொழுதில் கல்லூரிப் புகுமுக வகுப்பான பியூசி படிக்கலாம், மளிகைக் கடையில் கணக்கு எழுதலாம், நாற்று நடவுக்குப் போகலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொண்டால் ஒரு மாதப் பணத்தோடு போயிற்று. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. "பையன் என்ன பண்றான்?" என்று தெருவில் யாராவது கேட்டால், "டைப் அடிக்கப் போறான்" என்று சொல்லிவிடலாம். அவமானமில்லாமல் காத்திருக்க ஒரு பெயர் கிடைத்தது. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். கல்யாணம் வரைக்கும் வீட்டிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் வெளியே போக எத்தனையோ குடும்பங்கள் ஒத்துக்கொண்ட காரணம் டைப் கிளாஸ்தான். அப்படிப் போனவர்களில் பலர் சம்பளக்காரிகளாகத் திரும்பினார்கள். 1974இல் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யில் ஆபீசுக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் கவிதாவைத் தமிழ்ப் பார்வையாளர்கள் உடனே அடையாளம் கண்டதற்கு, அப்படி ஒருத்தி அவர்கள் தெருவிலேயே இருந்தது காரணம்.

இதெல்லாம் குமாஸ்தா வேலைக்குப் பூசும் சாயம், வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப்போன எழுத்தர் புத்தியை அந்த மாடி அறைகள்தான் நீடிக்க வைத்தன என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி சரி. பல நல்ல மூளைகள் அடுத்தவர் எழுதியதைப் பிழையில்லாமல் நகலெடுப்பதோடு நின்றுபோயின. ஆனால் அந்தத் திறமை ஆளை எங்கெல்லாம் கொண்டுபோனது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். டைப்போடு பிட்மன் ஷார்ட்ஹேண்டும் சேர்ந்தால், நிமிடத்துக்கு 100, 120 சொல் வேகம் கைவந்தால், பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏறலாம். அப்படி ஏறியவர்களின் எண்ணிக்கை பம்பாயில் அரசியலாகும் அளவுக்கு இருந்தது. அறுபதுகளில் பால் தாக்கரேயின் 'மார்மிக்' இதழ் கம்பெனிகளில் இருந்த தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டது. 1966இல் பிறந்த சிவசேனையின் முதல் கோபம் தென்னிந்தியக் குமாஸ்தாக்கள்மீதுதான். ஸ்டெனோவாக உள்ளே நுழைந்தவர்களில் செக்ரட்டரியாகவும் அதிகாரியாகவும் உயர்ந்தவர்கள் உண்டு. மாலைக் கல்லூரியில் சேர்ந்து வேறு துறைக்கே போனவர்களும் உண்டு. வழி தெரியாதவருக்கு அந்த வேலை கடைசிப் படியாகவும் இருந்தது, முதல் படியாகவும் இருந்தது.

சாதியை வைத்து எழும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பம்பாய் ரயில் ஏறியவர்களில் முதல் தலைமுறைகள் பெரும்பாலும் பிராமணர்கள். ஆங்கிலமும் அறிமுகமும் இருந்தவர்களுக்கே முதலில் கதவு திறந்தது. எஸ்எஸ்எல்சி வரை வராத பிள்ளைகளுக்கு டைப் கிளாஸ் எட்டாத இடம். இதை மறுக்க முடியாது. இருந்தும், சுருக்கெழுத்துப் பள்ளியும் தட்டச்சு மெஷினும் வேறு பல படிப்புகளைவிடச் சீக்கிரமாகக் கீழ்நோக்கிப் பரவின என்பது என் மதிப்பீடு. அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பகிர்ந்த வகுப்புவாரி ஆணைகளும் அவற்றின் தொடர்ச்சியான இடஒதுக்கீடும் அரசு அலுவலகத்தின் கதவைத் திறந்தபோது, அந்த இடத்துக்குத் தகுதி பெற ஊரிலேயே, சொற்பப் பணத்தில், சில மாதத்தில் முடியும் பயிற்சி ஒன்று தயாராக இருந்தது. பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ அன்று அப்படி ஒரு வழி கிடையாது. 1500 தட்டு அடித்தவரின் தாளைத் திருத்துகிறவருக்கு, அடித்தவரின் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று தெரிய வாய்ப்பில்லை.

காத்திருப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச். அதையும் டைப் கிளாஸையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேட 1945இல் தொடங்கிய அமைப்பு அது. 1948இல்தான் எல்லோருக்கும் திறந்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் காலியிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. அங்கிருந்தே ஆள் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பதிவு மூப்பை நம்பிக் கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வயதுவரம்பைத் தாண்டியவர்கள் ஏராளம். எக்ஸ்சேஞ்ச் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பதிவு எண்ணின் மதிப்பு மேலும் குறைந்தது. எக்ஸ்சேஞ்ச் கொடுத்தது வரிசையில் ஒரு இடம் மட்டும். டைப் கிளாஸ் கொடுத்தது விரலில் ஏறிய ஒரு வேலை. காத்திருப்பு இளைஞர்களைக் கெடுத்தது என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வெறுங்கையோடு காத்திருக்க வைத்ததுதான் கெடுத்தது.

இந்த நிலை மாறியதற்குக் கம்ப்யூட்டரைக் காரணம் காட்டுவது வழக்கம். மெஷின் மறைந்ததற்கு வேண்டுமானால் அது காரணமாக இருக்கலாம். காலம் பறிபோனதற்கு வேறு காரணங்கள். 1978இல் பியூசி போய் பிளஸ் டூ வந்தது. கல்லூரிக்குள் நுழைந்தபின் எடுக்கிற 'குரூப்' முடிவு பள்ளிக்கூடத்துக்குள், பதினைந்து வயதுக்கு இறங்கியது. பத்தாவது முடித்ததும் பயாலஜியை விட்டவனுக்கு டாக்டர் படிப்பு அன்றோடு அடைபட்டது. 1984இல் எம்ஜிஆர் அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை அனுமதித்தது. ஒரு காலகட்டத்தில் அவை 500ஐயும் தாண்டின. கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரமாயிரமாக என்ஜினீயர் ஆனார்கள். அது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கவுன்சலிங் அரங்கில் திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைய, அப்பாவும் பிள்ளையும் சில நிமிடங்களில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் சேர்த்து முடிவு செய்தார்கள். அந்தச் சில நிமிடம் நான்கு ஆண்டையும் பல லட்ச ரூபாயையும் எழுதிக்கொண்டுபோனது. 2001க்குப் பிறகு பேங்குகளின் கல்விக்கடன் பரவலானதும், 4 லட்சம் வரை அடமானமே இல்லாமல் கிடைத்ததும், பணமில்லாத வீட்டுக்கு வாசலைத் திறந்தது. கூடவே, தப்பாக எடுத்த முடிவிலிருந்து திரும்பி வருவதற்கு வட்டியும் கட்ட வேண்டியதாயிற்று.

இன்று வழி காட்ட ஆளா இல்லை என்று கேட்கலாம். அரசே 2022இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி என்னென்ன படிப்பு, எங்கெங்கே வேலை என்று பள்ளியிலேயே சொல்லித் தருகிறது. அது நல்ல முயற்சி. தகவல் இல்லாமல் தடுமாறிய குடும்பங்களுக்கு அவசியமும்கூட. என் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. எத்தனை வழிகள் உண்டு என்று சொல்வதோடு, ஒரு வழியில் கொஞ்சதூரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்ப என்ன செலவாகும் என்பதையும் பார்க்க வேண்டும். அன்றைய பிள்ளைக்கு அந்தச் செலவு ஒரு மாதக் கட்டணம். இன்றைய பிள்ளைக்கு நான்கு வருடம், கடன், அதற்குமேல் ஊர் வாய். பதினேழு வயதில் தயங்குகிற பிள்ளை இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறது. அதைச் சோம்பல் என்று பெரியவர்கள் வாசிப்பதில்தான் பிழை.

மாடி அறைகள் முழுக்க மூடிவிடவில்லை. அரசுத் தேர்வாணையத்தின் குரூப் 4 அறிவிப்பில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடங்கள் இன்னமும் வருகின்றன. அதற்கு லோயர், ஹையர் சான்றிதழ் வேண்டும். அதனால் காலை 6 மணிப் பேட்ச் இன்றும் நடக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பக்கத்து மெஷினில் பிஇ முடித்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், சுண்டுவிரலால் 'ஏ'வை அழுத்திப் பழகிக்கொண்டு.