காகிதம் இல்லாத ஆண்டுகளில் தமிழ்வழிக் கல்வி: இரண்டாம் உலகப் போர்க்கால மதுரையின் உயர்நிலைப் பள்ளிகள்

1942இல் மதுரை – போடிநாயக்கனூர் ரயில் பாதையின் தண்டவாளங்கள் போர்த் தேவைக்காகப் பெயர்த்து எடுக்கப்பட்டன. 1928இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள வடபழஞ்சி, அதையடுத்துச் செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாகத் தேனிக்கும் போடிக்கும் போனது. மீண்டும் அங்கே ரயில் ஓட 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போடியின் ஏலக்காய் வணிகத்துக்கு நேர்ந்த இழப்பாகவே இந்நிகழ்ச்சி பெரும்பாலும் பேசப்படுகிறது. இந்தப் பாதையோரக் கிராமங்களில் படிக்க ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை யாரும் அதிகம் கேட்டதில்லை. அன்று உயர்நிலைப் படிப்பு என்றால் பெரும்பாலும் மதுரை நகரத்துச் சேதுபதி, சௌராஷ்டிரா, செயின்ட் மேரீஸ், யூனியன் கிறிஸ்தவப் பள்ளிகளை நோக்கியோ, அமெரிக்க மிஷனின் பசுமலைப் பள்ளியை நோக்கியோ போக வேண்டும். போய்வர இருந்த ஒரு வழியைப் போர் எடுத்துக்கொண்டது.

மதுரையில் குண்டு விழவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அந்த மாதமே சென்னையிலிருந்து அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்களும் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். கடலிலிருந்து தள்ளியிருந்த மதுரை, அடைக்கலம் தேடி வருகிற ஊராக இருந்ததே தவிர, அஞ்சி ஓடுகிற ஊராக இருக்கவில்லை. ஆகவே இங்கே போர்க்காலப் பள்ளி வாழ்க்கையை ஆராய்கிறவர் பதுங்குகுழிகளைத் தேடிப் பயனில்லை. அரிசி, மண்ணெண்ணெய், காகிதம், கடிகாரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றுள் காகிதமே நம் கல்வி வரலாற்றை நெடுங்காலத்துக்குத் திருப்பிவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கடிகாரத்திலிருந்து தொடங்கலாம். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்திய நேரம் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. மதுரையின் இயல்பான சூரிய நேரம் இந்திய நேரத்துக்கு ஏற்கெனவே 18 நிமிடம் போலப் பின்தங்கியது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், பத்து மணிக்குப் பள்ளி மணி அடிக்கும்போது சூரியக் கணக்கில் ஒன்பதுகூட ஆகியிருக்காது. மார்கழியில் ஏழேகால் மணி தாண்டித்தான் பொழுது விடியும். நாகமலை அடிவாரத்திலிருந்து நடந்தே வரும் பையன் இருட்டில் கிளம்ப வேண்டும். பெட்ரோல் பங்கீட்டால் பேருந்துகளும் குறைந்தன. கரியை எரித்து வாயு உண்டாக்கி வண்டி ஓட்டும் கருவியை மதுரை டி.வி.எஸ். நிறுவனமே தயாரித்தது; ஆனால் கரி வண்டிகள் ஊர்ந்துதான் போகும். மாலையில் வீடு திரும்பினால் விளக்குக்கு எண்ணெய் இல்லை. பர்மாவோடு சேர்ந்து அரிசியும் மண்ணெண்ணெயும் போய்விட்டிருந்தன.

செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 1920 முதல் கள்ளர் சீரமைப்புத் திட்டம் அங்கே பள்ளிகளை நடத்திவந்தது. அதே கள்ளர் மக்கள்மீது, அவர்கள் ரேகைச் சட்டம் என்று சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947 வரை நீடித்தது. தகப்பன் காவல்துறைப் பதிவேட்டில் இருக்க, மகன் பள்ளி வருகைப் பதிவேட்டில் இருந்தான். ‘உலக சுதந்திரத்துக்கான போர்’ என்று அரசு செய்த பிரசாரம் அந்த வீடுகளில் எப்படி ஒலித்திருக்கும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை.

இனி காகிதம். 1938இல் இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு, உயர்நிலைப் பள்ளிகளில் மொழிப்பாடம் அல்லாத பாடங்களையும் தாய்மொழியிலேயே கற்பிக்கும் முறைக்கு வழிவகுத்தது. கல்வி அமைச்சர் ப. சுப்பராயன். அதே அரசு புகுத்திய கட்டாய இந்திக்கு எதிராக எழுந்த போராட்டப் புழுதியில் இந்த மாற்றம் வரலாற்றில் மங்கலாகவே தெரிகிறது. இந்தி ஆணை 1940 பிப்ரவரியில் விலக்கப்பட்டது. தாய்மொழி வழி நிலைத்தது. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகி ஆளுநர் ஆட்சி வந்த பிறகும், உயர்நிலை வகுப்புகளான நாலாம் பாரம், அஞ்சாம் பாரம், ஆறாம் பாரம் எனப் படிப்படியாக அது வேரூன்றியது. அதாவது வரலாறு, பூகோளம், கணக்கு, விஞ்ஞானம் ஆகியவற்றைத் தமிழில் கற்று எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய முதல் பெரும் தலைமுறை மாணவர்கள், போர் நடந்துகொண்டிருந்தபோதுதான் வகுப்பில் இருந்தார்கள்.

அவர்களுக்குக் கற்பித்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பி.ஏ.வும் எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சியும் முடித்த ஆசிரியர் தாம் கற்றது முழுவதையும் ஆங்கிலத்தில் கற்றவர். இப்போது அமிலத்தையும் காரத்தையும், முக்கோணத்தையும் வட்டத்தையும் தமிழில் சொல்ல வேண்டும். சொற்கள் முற்றிலும் இல்லாமலில்லை. சேலத்தில் 1916இலேயே இராஜாஜி முதலியோர் அதற்கென ஒரு சங்கம் நடத்தினார்கள். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. 1940இல் அரசு வி.எஸ். சீனிவாச சாஸ்திரி தலைமையில் ஒரு குழு அமைத்தது. அக்குழு வடமொழிச் சொற்களுக்கே இடம் தருகிறது என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மேலே இந்த வழக்கு முடிவதற்குள் கீழே வகுப்பு நடந்தாக வேண்டும். ஒரே பொருளுக்கு ஒரு பாடநூலில் ஒரு சொல், இன்னொன்றில் வேறொரு சொல் என்றிருந்த நிலையில், எதைச் சொல்வது என்பதைக் கரும்பலகை முன் நின்றவரே தீர்மானித்தார்.

மதுரைக்கு இங்கே ஒரு தனிப் பேறு உண்டு. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று தேர்வு நடத்திப் புலவர்களை உருவாக்கி வந்தது. பள்ளிகளில் தமிழ்ப் பண்டிதருக்குப் பிற ஆசிரியர்களைவிடச் சம்பளமும் மதிப்பும் குறைவு. இது அக்காலத்தின் வெளிப்படையான அநீதி. தமிழ் பயிற்றுமொழியானதும், அந்தப் பண்டிதரின் அறிவு இலக்கணப் பாடவேளைக்கு அப்பாலும் தேவைப்பட்டது. ஆனால் அவருடைய சம்பளம் அதனால் உயர்ந்துவிடவில்லை.

இந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. 1942 நவம்பரில் இந்திய ஆலைகள் உற்பத்தி செய்யும் காகிதத்தில் 90 விழுக்காட்டைத் தனக்கே ஒதுக்கிக்கொண்டது இந்திய அரசு. எதிர்ப்புக்குப் பின் அதை 70 விழுக்காடாகக் குறைத்தது. இறக்குமதியும் வெகுவாகக் குறைந்தது. செய்தித்தாள்கள் பக்கங்களைக் குறைத்தன, பத்திரிகைகள் மெலிந்தன. ஆங்கிலவழிப் பள்ளிக்கு இது தட்டுப்பாடு மட்டுமே. பழைய புத்தகங்களைக் கைமாற்றிச் சமாளித்துவிடலாம். தமிழ்வழி வகுப்புக்கோ கைமாற்றப் பழைய புத்தகங்கள் மிகக் குறைவு. நூல்கள் புதிதாக எழுதப்பட்டு, புதிதாக அச்சாக வேண்டிய ஆண்டுகளில் அச்சிடத் தாள் இல்லாமல் போயிற்று.

ஆகவே ஆசிரியரே பாடநூலானார். அவர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதிக்கொண்டார்கள். நோட்ஸ் கொடுப்பது என்று இன்றும் நாம் அறிந்த வழக்கம் அதற்கு முன்பும் இருந்ததுதான். எனினும், தமிழ்வழிக் கல்வியின் முதுகெலும்பாக அது மாறியதற்கு இந்தக் காகிதப் பஞ்சம் முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். இதன் தீமையையும் மறைக்க வேண்டியதில்லை. சொன்னதை எழுது, எழுதியதை ஒப்பி என்ற பழக்கம் பஞ்சம் தீர்ந்த பின்னும் போகவில்லை. தமிழ்வழி மாணவருக்கு நூலகத்தில் தேடிப் படிக்கும் பழக்கம் குறைவு என்று பிற்காலத்தில் குறை கூறியவர்கள், அவர்களுக்கென்று போதிய நூல் இல்லாதிருந்த தொடக்கத்தை எண்ணிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு கருத்தை ஐந்து வகையாகச் சொல்லிப் பார்த்து, பிள்ளைகளின் முகத்தில் தெளிவு தெரிந்த சொல்லை நிறுத்திக்கொண்ட அந்த உழைப்பு சாதாரணமானதன்று. அறிஞர் குழுக்களின் பட்டியல்களில் பல சொற்கள் உறங்கின. வகுப்பறையில் வாழ்ந்த சொற்களே வழக்குக்கு வந்தன.

மாணவர் வாழ்க்கையின் அரசியல் முகம் இதைவிட நன்கு பதிவாகியிருக்கிறது. யூனியன் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் படித்து 1937இல் அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்த, பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான என். சங்கரய்யா, 1941 பிப்ரவரியில், பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருக்கையில் கைது செய்யப்பட்டார். சுமார் 18 மாதம் சிறை. பட்டம் கைக்கு வரவேயில்லை. 2023இல் நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்திருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கத் தீர்மானித்தது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 15இல் சங்கரய்யா மறைந்தார். 1942 ஆகஸ்டில் காந்தி கைதானதும் மதுரை மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். அரசு உதவி பெறும் பள்ளியின் ஆசிரியர் இருபுறமும் நெருக்கப்பட்டார். மாணவனைத் தடுக்காவிட்டால் நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தடுத்தால் அவன் முகத்தில் விழிக்க முடியாது.

அந்த ஆசிரியரின் வீட்டு அடுப்பையும் பார்க்க வேண்டும். 1939 ஆகஸ்டை 100 என்று கொண்டால் மொத்த விலைக் குறியீட்டெண் 1944–45இல் ஏறத்தாழ 244. செப்பு மிச்சப்படுத்த 1943இல் வந்த ஓட்டைக் காலணா எல்லார் கையிலும் இருந்தது. அதற்குக் கிடைத்த பண்டம்தான் குறைந்தது. ரேஷன் அட்டை வந்தது. உதவி பெறும் பள்ளிகளில் பஞ்சப்படி தாமதமாகவும் குறைவாகவுமே வந்து சேர்ந்தது. கையெழுத்திடும் தொகை ஒன்று, கைக்கு வரும் தொகை வேறொன்று என்ற புகாரும் சில நிர்வாகங்கள்மீது இருந்தது. டியூஷன் அக்காலத்தில் பேராசையால் பெருகவில்லை. பலருக்கு அது அரிசிக்கான வழி.

1944இல் சார்ஜென்ட் அறிக்கை வெளிவந்தது. போருக்குப் பிந்திய இந்தியக் கல்விக்கு அது வகுத்த திட்டத்தில் இரண்டு பரிந்துரைகள் நம் ஆய்வுக்கு வேண்டியவை. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. மதுரை ஆசிரியர்கள் அதைத் தாளும் நூலும் இல்லாமலே செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியர்களுக்கு நாடு முழுவதும் கௌரவமான குறைந்தபட்ச ஊதிய விகிதம் வேண்டும் என்பது மற்றொன்று. அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பணமில்லை என்று அரசுகள் சொல்லின. தமிழ்வழிக் கல்வியைத் தம் தொண்டையால் நிலைநாட்டியவர்களில் பலர், அந்த ஊதியத்தைக் காணாமலே ஓய்வு பெற்றார்கள்.