கருக்குழாய் எக்ஸ்-ரே

கருப்பையின் உட்குழிவையும் இருபுறக் கருக்குழாய்களையும் படமாக்கிக் காட்டும் சோதனை. மருத்துவமனைகளில் எச்.எஸ்.ஜி. என்பார்கள், பேச்சு வழக்கில் டியூப் டெஸ்ட். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் பெண்ணுக்குக் குழாயில் அடைப்பு உண்டா என்று அறிய இதைச் செய்கிறார்கள்.

கருக்குழாய் சுமார் 10 செ.மீ. நீளம். கருப்பைச் சுவரைக் கடக்கும் இடத்தில் அதன் துளை 1 மி.மீ. அளவே. வெறும் எக்ஸ்-ரேயில் அது புலப்படாது; கதிரைத் தடுக்கும் மருந்தை நிரப்பினால்தான் தெரியும். ரான்ட்ஜன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1910இல் ஜெர்மானிய மருத்துவர் ரிண்ட்ஃபிளைஷ் பிஸ்மத் குழம்பைக் கருப்பைக்குள் செலுத்திப் படமெடுத்தார். 1914இல் அமெரிக்காவில் வில்லியம் கேரியும் ஐசிடோர் ரூபினும் தனித்தனியே வெள்ளிக் கரைசல் ஒன்றை முயன்றனர். அது வயிற்றின் உள்ளுறையை உறுத்தியதால் நிலைக்கவில்லை.

ரூபின் மருந்தை விட்டு வாயுவுக்கு மாறினார். 1920இல் அவர் வெளியிட்ட முறையில் கருப்பை வாய் வழியே ஆக்சிஜன் செலுத்தப்பட்டது. பின்னாளில் கரியமில வாயு. குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றுக்குள் கசியும். பெண் எழுந்து உட்கார்ந்ததும் அது மேலேறி உதரவிதானத்தை உறுத்த, தோள்பட்டை வலிக்கும். அந்த வலியே நல்ல சேதியாகக் கொள்ளப்பட்டது. ஆனால் எந்தப் பக்கத்துக் குழாய் திறந்திருக்கிறது என்பதை அது சொல்லாது.

அதைச் சொன்னது கசகசா எண்ணெய். அயோடின் சேர்த்த அந்த எண்ணெயை, லிபியோடால் என்ற பெயரில், பாரிஸில் மார்செல் கெர்பே 1901இல் உருவாக்கியிருந்தார். 1920களில் பியூனஸ் அயர்ஸின் கார்லோஸ் ஹியூசர் அதைக் கருப்பைக்குப் பயன்படுத்தினார். பிற்காலத்தில் நீரில் கரையும் மருந்துகள் பரவின. எண்ணெய் மறையவில்லை. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், எண்ணெய் செலுத்தப்பட்டவர்களில் 39.7 விழுக்காட்டினருக்கும் நீர்மருந்து பெற்றவர்களில் 29.1 விழுக்காட்டினருக்கும் கரு தங்கிக் கர்ப்பம் தொடர்ந்தது. எண்ணெயிலுள்ள அயோடின் தைராய்டைப் பாதிக்கலாம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மாதவிலக்கு நின்றபின், சினைமுட்டை வெளிவருமுன் சோதனை நடக்கும். திரையில் கருப்பை தலைகீழ் முக்கோணமாக நிரம்பும்; இரு மூலைகளிலிருந்தும் மயிரிழை போன்ற கோடுகள் நெளிந்து ஓடும்; நுனியில் மருந்து புகைபோல் குடல்களுக்கிடையே பரவினால் குழாய் திறந்திருக்கிறது. கோடு மணிகோத்தாற்போல் விட்டுவிட்டுத் தெரிந்தால் காசநோயைச் சந்தேகிப்பார்கள். இந்தியாவில் குழாய் அடைப்புக்கு அது முக்கியக் காரணம்.

மூலையிலேயே மருந்து நின்றுவிட்டால் உடனே அடைப்பு என்று எழுதிவிடக் கூடாது. தசை இறுகினாலும் படம் அப்படித்தான் விழும். ஒற்றைப் படத்தை வைத்து ஒரு பெண்ணிடம் ‘குழாய் அடைபட்டிருக்கிறது’ என்று சொல்லி அனுப்புவது அநியாயம்.

இன்று நுரையைச் செலுத்தி அல்ட்ராசவுண்டில் பார்க்கும் முறை வந்திருக்கிறது. கதிர்வீச்சு இல்லை. 2022இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், எக்ஸ்-ரே முறையைவிட இதில் வலி குறைவு என்று பெண்களே தெரிவித்தார்கள்.