தபால் அட்டையில் வந்த தீர்ப்பு

1949-ஆம் ஆண்டில் ‘மஹல்’ என்னும் ஹிந்திப் படம் வெளிவந்தது. கேம்சந்த் பிரகாஷ் இசையமைத்த அப்படத்தில் ஒரு பாட்டு, தூரத்தில் யாரோ பாடிக்கொண்டே மெல்ல மெல்ல நெருங்கி வருவதுபோல் தொடங்கும். இசைத்தட்டு விற்பனைக்கு வந்தபோது, பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் கதாபாத்திரமாகிய ‘காமினி’யின் பெயரே அச்சாகியிருந்தது. அக்கால வழக்கம் அது. பாட்டை வானொலியில் கேட்டவர்கள் ‘யார் இந்தக் காமினி?’ என்று நிலையத்திற்கு எழுதிக் கேட்டார்கள். கடிதங்கள் குவியவே, இசைத்தட்டுக் கம்பெனியாரிடம் விசாரித்து, ‘பாடியவர் லதா மங்கேஷ்கர்’ என்று நிலையத்தார் அறிவிக்கும்படி ஆயிற்று. ரசிகன் எழுதிய கடிதம் ஒன்றைச் சாதிக்கும் என்பதற்கு நம் நாட்டுத் திரையிசை வரலாற்றில் இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாக மாறியது. 1952-இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற டாக்டர் பி. வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் பெரும் பற்றுடையவர். சங்கீத தேசிய நிகழ்ச்சி அவ்வாண்டு ஜூலையில் தொடங்கியது. வித்வான்கள் பலருக்கு அது புது வாழ்வு தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் திரைப்பாட்டு அவர் காதுக்கு ஒவ்வவில்லை. அதன் பங்கு குறைக்கப்பட்டது. எந்தப் பாட்டை ஒலிபரப்பலாம் என்பது முன்கூட்டியே பரிசீலிக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதுவும் நிறுத்தப்பட்டது. படத் தயாரிப்பாளர்கள் சினந்து, பாட்டுக்களை ஒலிபரப்பத் தந்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். சில மாதங்களில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய ஓய்ந்தது.

நேயர்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை, மனுக் கொடுக்கவில்லை. பெட்டியின் முள்ளைக் கொஞ்சம் திருப்பினார்கள். யுத்த காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காக இலங்கையில் நிறுவிய சிற்றலைக் கருவி போருக்குப்பின் இலங்கை வானொலியின் வசம் வந்திருந்தது. அதன் ஒலி இந்தியா முழுவதும் தெளிவாகக் கேட்டது. தமிழ்நாட்டார்க்கு அது மயில்வாகனம் அவர்களின் குரல். வடநாட்டார்க்கு அமீன் சயானியின் குரல்.

1952 டிசம்பர் 3-ஆம் நாள் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. பற்பசை விற்பதற்காக ஏற்பட்ட அரைமணி நேர நிகழ்ச்சி. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து நம் நாட்டுக்கே ஒலிபரப்புவார்கள்! முதலில் இது ஒரு போட்டிதான்: ஏழு பாட்டுக்களை அவை வெளிவந்த கால வரிசைப்படி எழுதி அனுப்பினால் பரிசு. வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்க்கவே ஆள் போதவில்லை. எனவே போட்டியைக் கைவிட்டு, மக்கள் விரும்பும் வரிசையில் பாட்டுக்களை ஒலிபரப்பலானார்கள். எதை முதற்படியில் நிறுத்துவது? இசைத்தட்டு விற்பனையை மட்டும் நம்பினால், கடையில் சரக்குத் தீர்ந்துபோன பாட்டு கீழே இறங்கிவிடும். ஆகவே ஊருக்கு ஊர் இருந்த நேயர் சங்கங்களின் கருத்தையும் கேட்டார்கள். சங்கத்தினர் கூடிப் பேசுவார்கள். இந்த வாரம் சி. ராமச்சந்திரா உயர்வா, சங்கர்-ஜெய்கிஷன் உயர்வா என்று வாதிடுவார்கள். பின்னர் முடிவை எழுதி அனுப்புவார்கள். இசை விமர்சகர் என்று ஊரில் எவரும் மதிக்காத குமாஸ்தாவும் மளிகைக் கடைக்காரரும் ஒரு பாட்டைப் படியேற்றவும் இறக்கவும் வல்லவர்களாயினர்.

இங்கே என் தொழில் குறுக்கிடுகிறது, பொறுத்தருள வேண்டும். ஹிந்தி நிகழ்ச்சிகளில் நேயர் கேட்கும் பாட்டை ‘ஃபர்மாயிஷ்’ என்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்த அச்சொல்லின் வேரில் இருப்பது ‘கட்டளை’ என்னும் பொருள். நாம் அதனை ‘நேயர் விருப்பம்’ என்கிறோம். கட்டளை விருப்பமாகத் தணிந்துவிட்டது. ஆனால் கேட்பவன் நேயன், அதாவது அன்புடையவன், ஆகிவிட்டான். மொழிபெயர்ப்பில் இழந்ததையும் பெற்றதையும் எடை போட்டால் தமிழுக்கு நஷ்டம் இல்லை என்பது என் துணிபு.

கட்டளை என்னும் பொருளுக்கு ஏற்ப நடந்துகொண்ட ஊர் ஒன்று உண்டு. அன்று பீஹாரிலும், 2000 முதல் ஜார்க்கண்டிலும் உள்ள ஜும்ரி திலையா, அப்பிரகச் சுரங்கங்களால் பிழைத்த சிற்றூர். அங்கிருந்து இலங்கை வானொலிக்கும் பின்னர் விவித் பாரதிக்கும் ஓயாமல் அட்டைகள் சென்றன. ஒரே பாட்டுக்கு வீட்டார், நண்பர், அண்டை வீட்டார் பெயரெல்லாம் சேர்ந்து வரும். அப்படி ஓர் ஊர் உண்மையில் இருக்கிறதா, அறிவிப்பாளரின் கற்பனையா என்று ஐயுற்றவர்களும் உண்டு. ரயிலேறிப் போனால் இன்றும் பார்க்கலாம்.

இவ்வளவு அட்டைகளும் கடல் கடந்த நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, தில்லி எத்தனை நாள் வாளாவிருக்கும்? 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித் பாரதி பிறந்தது. கவிஞர் நரேந்திர சர்மா அதனைப் பேணி வளர்த்தார். கேஸ்கர் அப்போதும் அமைச்சராகவே இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. பதவி மாறவில்லை, முள் மாறிய திசையைப் பார்த்துக் கொள்கைதான் மாறியது.

ஆனால் ரசிகன் தீர்ப்பு எட்டாத இடமும் இருந்தது. 1954-இல் வந்த ‘நாகின்’ படத்தின் மகுடி இசையை அறியாதவர் இல்லை. ஹேமந்த் குமார் அமைத்தது. அது பாம்பாட்டியின் மகுடியே என்று பலர் சத்தியம் செய்வார்கள். உண்மையில் கல்யாண்ஜி ‘கிளாவியோலின்’ என்னும் மின்சார இசைக் கருவியில் வாசிக்க, ரவி ஹார்மோனியத்தில் துணை நின்று எழுப்பிய நாதம் அது. இருவரும் பிற்காலத்தில் புகழ்பெற்ற இசையமைப்பாளர்கள் ஆனமையால் அவர்கள் பெயர் நமக்குத் தெரிய வந்தது. அப்படி உயராத வாத்தியக்காரர் எத்தனையோ பேர்! பாடகியின் பெயரை மீட்டுத் தந்த கடிதம் அவர்களைச் சென்றடையவில்லை. பின்னணி இசைக்கும் அதே கதி. அதற்குப் பல்லவி இல்லை. பெயர் சொல்லி விரும்பிக் கேட்க இயலாது. மத்திய அரசின் திரைப்பட விருதுகளில் சிறந்த இசையமைப்புக்கு முதன்முதல் இடம் கிடைத்தது 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்கு. அதைப் பெற்றது ‘கந்தன் கருணை’க்காக நம் கே. வி. மகாதேவன். பாட்டையும் பின்னணி இசையையும் பிரித்து நிரந்தரமாகத் தனித்தனி விருது வழங்கத் தொடங்கியதோ 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். அந்த ஆண்டு பின்னணி இசைக்கான விருது ‘பழசிராஜா’வுக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது.

என் தந்தையார் 1960-களில் உத்தியோக நிமித்தம் தில்லிக்கு வந்து கரோல்பாகில் நண்பர்களோடு ஓர் அறையில் இருந்தார். ஹிந்தியைப் பாதி பள்ளியில் கற்றதாகவும், மீதியை விவித் பாரதியில் கற்றதாகவும் சொல்வார். ஒரு ஞாயிறு காலைக் காட்சியில் ‘பதேர் பாஞ்சாலி’ பார்த்திருக்கிறார். மகள் இறந்ததை அறியாமல் அவளுக்குப் புடவை வாங்கி வந்த கணவன்முன் தாய் வெடித்து அழும் கட்டத்தில், சத்யஜித் ராய் அவள் குரலைக் கேட்கவிடவில்லை. ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் என்னும் வாத்தியம் அவளுக்காக ஓலமிடுகிறது. அறைக்குத் திரும்பிய தந்தையார் ஓர் அட்டை வாங்கி, அந்த ஓலத்தை ஒருமுறை ஒலிபரப்ப வேண்டும் என்று தம் அரைகுறை ஹிந்தியில் எழுதி, அறை நண்பர் மூவர் பெயரையும் கீழே சேர்த்து அனுப்பினார். அதைத் தனியே தாங்கிய இசைத்தட்டு எதையும் அவர் கடையில் கண்டதில்லை. அட்டையைப் பெட்டியில் போடும்போதே அது தெரியும் என்பார்.